சுட்டது யார்?

தொடர்கதை படிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. "அடுத்த இதழில்" என்ற வரியைக் கண்டதும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, மீதிக் கதையைத் தாங்களே நடத்திப் பார்ப்பார்கள். கதாநாயகன் பிழைப்பானா? பெட்டியில் இருந்த கடிதம் யார் கைக்குப் போய்ச் சேரும்? அந்தக் கொலையைச் செய்தவன் யார்? வீட்டில் ஒருவர் ஒன்று சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். அடுத்த இதழ் வரும் வரையில் கதை ஆசிரியரின் கையில் இல்லை; வாசகர் கையில் இருக்கிறது.

டெலிவிஷன் நாடகங்களிலும் இதுவே நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், பத்திரிகையில் ஒரு வாரம் காத்தால் போதும். டெலிவிஷனில் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் தொடர் நாடகங்கள் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்த காலத்தில் முடியும். பிறகு கோடை விடுமுறை. விடுமுறைக்கு முந்திய கடைசிப் பகுதியில் ஒரு முக்கியமான பாத்திரத்தை உயிருக்கும் சாவுக்கும் இடையே நிறுத்திவிட்டுப் போவது கதை எழுதுகிறவர்களின் தந்திரம். விடுமுறை முடிந்து ஜனங்கள் திரும்பி வர வேண்டும் அல்லவா?

தந்திரம் என்பதால் இதை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. கதை சொல்லும் தொழிலில் ஆவலைத் தூண்டுவது குற்றமல்ல. ஆனால் ஆவலைத் தூண்டியவனுக்கு ஒரு கடமை ஏற்படுகிறது. அந்தக் கடமை எது, அதைச் செலுத்தினால் என்ன நடக்கிறது, செலுத்தாவிட்டால் என்ன நடக்கிறது என்பதை அறிய ஒரே ஒரு நாடகத்தின் வரலாறு போதும். அதன் பெயர் "டல்லாஸ்".

எண்ணெய்க் குடும்பம்

"டல்லாஸ்" 1978 ஏப்ரல் 2-ஆம் தேதி ஸி.பி.எஸ். ஒளிபரப்பில் ஆரம்பமாயிற்று. டேவிட் ஜேக்கப்ஸ் என்பவர் உருவாக்கிய கதை. டெக்ஸாஸ் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளால் கோடீசுவரர்களான யூயிங் குடும்பம். அவர்கள் வசிக்கும் சவுத்ஃபோர்க் பண்ணை. குடும்பத் தலைவர் ஜாக், அவர் மனைவி மிஸ் எல்லி. மூத்த மகன் ஜே.ஆர்., இளைய மகன் பாபி. பாபி நல்லவன். ஜே.ஆரோ சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவன். லாரி ஹாக்மன் என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தை ஏற்று, ஜனங்கள் வெறுத்துக்கொண்டே விரும்பும்படி நடித்தார்.

1980 மார்ச் 21-ஆம் தேதி இரவு அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதற்குள் ஜே.ஆர். செய்யாத அட்டூழியம் இல்லை. அந்நிய நாடொன்றின் எண்ணெய்க் கிணறுகளை அந்நாட்டு அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவற்றில் தனக்கிருந்த பங்குகளை நண்பர்கள் தலையில் கட்டிவிட்டான். அவர்கள் ஓட்டாண்டியானார்கள். மனைவி சூ எலனை மனநோய் விடுதிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். சூ எலனின் தங்கை கிறிஸ்டினைத் தன் ஆசைக்குப் பயன்படுத்திக்கொண்டு, பிறகு பொய் வழக்கைக் காட்டி ஊரைவிட்டு விரட்டப் பார்த்தான். தம்பி பாபியோ வெறுத்துப் போய்ப் பண்ணையைவிட்டே வெளியேறினான். இத்தனைக்கும் பிறகு, இரவு நேரத்தில் ஜே.ஆர். தன் அலுவலகத்தில் தனியாக இருக்கிறான். ஏதோ சத்தம் கேட்கிறது. அறையை விட்டு வெளியே வருகிறான். இரண்டு முறை துப்பாக்கி வெடிக்கிறது. கீழே விழுகிறான். சுட்ட கை யாருடையது என்று காட்டப்படவில்லை. அத்துடன் விடுமுறை.

எட்டு மாதம்

விடை கிடைத்தது 1980 நவம்பர் 21-ஆம் தேதி. சரியாக எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அமெரிக்காவில் மட்டுமல்ல, நாடகம் ஒளிபரப்பான பிற நாடுகளிலும் "ஜே.ஆரைச் சுட்டது யார்?" என்பதே பேச்சாக இருந்தது. அந்தக் கேள்வியை அச்சடித்த பனியன்கள் விற்றன. "சுட்டது நான்தான்" என்று அச்சடித்த பனியன்களும் விற்றன. இங்கிலாந்தில் பந்தயக் கடைக்காரர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இவ்வளவு என்று விகிதம் போட்டுப் பணம் வாங்கினார்கள். ஆகஸ்டு மாதம் "டைம்" பத்திரிகை ஹாக்மனை அட்டையில் போட்டது. அது ஜனாதிபதித் தேர்தல் வருஷம். ஜே.ஆரைச் சுட்டது ஜனநாயகக் கட்சிக்காரன் என்று எழுதிய பித்தான்களைக் குடியரசுக் கட்சியினர் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

வேடிக்கை ஒரு புறம் இருக்கட்டும். ரஸிகர்கள் எப்படி ஊகித்தார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது. அவர்கள் குருட்டாம்போக்கில் பெயர்களைச் சொல்லவில்லை. யாருக்குக் காரணம் இருந்தது, யாருக்குச் சந்தர்ப்பம் இருந்தது, யாருக்குத் துணிவு இருந்தது என்று ஒவ்வொருவரையும் நிறுத்து விசாரித்தார்கள். மனைவி சூ எலனா? அவள் குடித்திருந்தாள், கையில் துப்பாக்கியும் இருந்தது. பரம்பரை எதிரி கிளிஃப் பார்ன்ஸா? நஷ்டப்பட்ட வங்கிக்காரர் வான் லேலண்டா? வஞ்சிக்கப்பட்ட கிறிஸ்டினா? பொறுமை இழந்த பாபியா? பெற்ற தாய் மிஸ் எல்லியைக்கூட ரஸிகர்கள் விட்டுவைக்கவில்லை.

டஸ்டி ஃபார்லோ என்று ஒரு பாத்திரம். சூ எலனின் காதலன். விமான விபத்தில் இறந்துவிட்டதாக நாடகத்தில் சொல்லப்பட்டவன். ஆனால் அவன் சாவதைக் கண்ணால் யாரும் பார்க்கவில்லை. "பார்க்காத சாவு சாவல்ல, அவன் உயிரோடிருக்கிறான், வந்து பழிவாங்கிவிட்டான்" என்று பலர் வாதித்தார்கள். பந்தயக் கடைகளில் அவன் பெயர் முன்னணியில் நின்றது. சுட்டவன் அவன் அல்ல. ஆனால் அவன் சாகவில்லை என்ற ஊகம் பலித்தது. பிற்பாடு சக்கர நாற்காலியில் திரும்பி வந்தான். பாதி தவறிய ஊகத்தின் மறு பாதி சரியாகப் போயிற்று. அத்தனை கூர்மையாக ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரைக்குப் பின்னால்

எட்டு மாதக் காத்திருப்பு முழுவதும் திட்டமிட்டதல்ல. துப்பாக்கிச் சூடுகூட நெடுநாள் யோசித்து எழுதிய கட்டமல்ல. நாடகம் நன்றாக ஓடுகிறது, கூடுதலாகச் சில பகுதிகள் வேண்டும் என்று ஒளிபரப்பு ஸ்தாபனம் கேட்டது. கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று யோசித்த எழுத்தாளர்கள், ஜே.ஆரைச் சுட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

கோடையில் வேறு சிக்கல்கள் வந்தன. ஹாக்மன் ஊதிய உயர்வு கேட்டுப் படப்பிடிப்புக்கு வர மறுத்தார். ஜே.ஆர். பிழைப்பானா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பேரம் பேசுவதற்கு அதைவிட நல்ல சமயம் ஒரு நடிகருக்கு வாய்க்காது. பாத்திரத்தின் முகத்துக்குக் கட்டுப் போட்டு, கட்டு அவிழும்போது வேறு நடிகரை வைத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. கடைசியில் கேட்ட உயர்வு கிடைத்தது. பிறகு ஜூலை மாதம் நடிகர்கள் சங்கம் வேலை நிறுத்தம் தொடங்கியது. கட்டண டெலிவிஷனிலும் வீடியோ காஸெட்டிலும் வரும் வருமானத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. அக்டோபர் வரை நீடித்த அந்த வேலை நிறுத்தத்தால் நாடகங்கள் எல்லாமே தாமதமாயின.

ஆகவே, ஒரு பாத்திரத்தின் தலைவிதியை எழுதுகிறவர் எழுத்தாளர் ஒருவர் மட்டுமல்ல. விளம்பரக் கணக்கு எழுதுகிறது, ஒப்பந்தம் எழுதுகிறது, சங்கத்தின் கோரிக்கை எழுதுகிறது. இது பார்க்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவர்கள் கதையை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இங்கே பெரிய விஷயம்.

ரகசியத்தைக் காப்பதற்காக வெவ்வேறு நடிகர்கள் ஜே.ஆரைச் சுடுவதாகக் காட்சிகள் எடுத்து வைத்தார்கள். எந்தக் காட்சி உண்மையில் வரப்போகிறது என்பது நடித்தவர்களுக்கே தெரியாது. நவம்பர் 21-ஆம் தேதி இரவு விடை வந்தது. அமெரிக்காவில் அன்று அதைப் பார்த்தவர்கள் 8 கோடியே 30 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. அந்த நேரத்தில் டெலிவிஷன் ஓடிய வீடுகளில் நூற்றுக்கு 76 வீடுகளில் இந்த நாடகமே ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதம் 4-ஆம் தேதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 8 கோடியே 65 லட்சம் பேர். ஒரு நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வந்த கூட்டமும் ஒரு கற்பனைக் குற்றவாளியைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்த கூட்டமும் கிட்டத்தட்டச் சமம்! மறுநாள் பி.பி.ஸி. அதை ஒளிபரப்பியபோது பிரிட்டனில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

கணக்குத் தீர்ந்தது

சுட்டவள் கிறிஸ்டின். துப்பாக்கியில் சூ எலனின் கைரேகை இருந்தது. போலீஸாரின் சந்தேகமும் அவள் மீதே விழுந்தது. குடிமயக்கத்தில் அன்றிரவு என்ன செய்தோம் என்பது அவளுக்கே நினைவில்லை. மெல்ல மெல்ல நினைவு திரும்பியபோது, அன்றிரவு தங்கையின் வீட்டுக்குப் போனது ஞாபகம் வந்தது. தங்கை தனக்கு மதுவை ஊற்றிக்கொடுத்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள் என்று விளங்கிற்று.

இந்த விடையை எல்லோரும் ஊகித்திருக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகு யாரும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கவில்லை. கிறிஸ்டினுக்குக் காரணம் இருந்ததை மார்ச் மாதமே காட்டியிருந்தார்கள். அவளுடைய கோபத்தைக் காட்டியிருந்தார்கள். எட்டு மாதம் விசாரணை நடத்திய ரஸிகர் திரும்பிப் பார்த்தால், தடயம் தன் கண் முன்னாலேயே கிடந்தது தெரியும். தோற்றவனும் ஒப்புக்கொள்ளும் ஆட்டம் அது. கதை சொன்னவர்கள் கேள்வியும் கேட்டார்கள், விடையும் சொன்னார்கள், விடைக்கு வேண்டிய சாட்சியத்தையும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். கடன் வட்டியும் முதலுமாகத் தீர்ந்தது.

இதெல்லாம் வீண் வம்பு, வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று அன்றும் சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். இல்லாத மனிதனை இல்லாத துப்பாக்கியால் யார் சுட்டால் என்ன என்பது அவர்கள் வாதம். வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாட்டில் தீர வேண்டிய கேள்விகள் ஆயிரம் இருக்கையில் இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரரைப் பற்றி வம்பு பேசினால் ஒருவர் மனம் புண்படும். ஒரு குடும்பத்தின் பெயர் கெடும். ஜே.ஆரைப் பற்றிப் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே சமயம் மனிதர்களை எடை போடும் பழக்கம் வளர்கிறது. அவமானப்படுத்தப்பட்டவள் எதுவரை போவாள்? குடிக்கிற மனைவி மீது பழி எளிதாக விழுவது ஏன்? தாய் தன் மகனின் கொடுமையை எவ்வளவு காலம் பொறுப்பாள்? வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இப்படிப் பேசுகிறவர்கள் நாடகத்தை மட்டும் பேசவில்லை, வாழ்க்கையைப் பேசுகிறார்கள். பாத்திரங்களின் கதியைப் பற்றிய ஊகம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: செய்த செயலுக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கை. அதைத்தான் கதை சொல்கிறவன் கடனாக வாங்குகிறான்.

கனவாம்!

அதே நாடகம் அந்தக் கடனைத் திருப்பித் தராத கதையையும் சொல்ல வேண்டும்.

பாபியாக நடித்த பாட்ரிக் டஃபி நாடகத்திலிருந்து விலக விரும்பினார். 1985 மே 17-ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியில், வேகமாக வந்த காரின் முன்னாலிருந்து பாமேலாவைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றிய பாபி தானே மோதுண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், குடும்பத்தார் சூழ்ந்து நிற்க, உயிர் விட்டான். இது பார்க்காத சாவல்ல. கண் முன்னே நடந்த சாவு. பார்த்தவர்கள் அழுதார்கள். அடுத்த பருவம் முழுவதும் யூயிங் குடும்பம் அந்தத் துக்கத்தோடு வாழ்ந்தது. சூ எலன் மறுபடி குடியில் வீழ்ந்து, அடிமட்டம் வரை போய், சிகிச்சை பெற்று, மெல்ல மெல்ல எழுந்தாள். பாமேலா வேறொருவரை மணந்தாள். 31 பகுதிகள், ஒரு வருஷம்.

1986 மே 16-ஆம் தேதி பருவத்தின் கடைசிக் காட்சி. பாமேலா விழிக்கிறாள். குளியல் அறையில் தண்ணீர் விழும் சத்தம். கதவைத் திறக்கிறாள். உள்ளே பாபி, சிரித்த முகத்துடன்.

அந்தக் கோடையும் ஊகங்களுக்குக் குறைவில்லை. இரட்டைப் பிறவியா? வேஷதாரியா? சாவே ஒரு நாடகமா? செப்டம்பர் 26-ஆம் தேதி விடை வந்தது. சாவும் இல்லை, துக்கமும் இல்லை, சிகிச்சையும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஒரு வருஷக் கதை முழுவதும் பாமேலா கண்ட கனவு!

இதிலுள்ள விந்தையைக் கவனிக்க வேண்டும். பாபி திரும்பி வர வேண்டும் என்று ஏங்கியவர்கள் ரஸிகர்களே. அவர்களுடைய விருப்பந்தான் நிறைவேறிற்று. பிறகு ஏன் அந்தக் கனவு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கேலிக்கு உரிய பொருளாக இருக்கிறது? விரும்பியதைக் கொடுத்தும் ஏமாற்றியதாக ஏன் கருதப்படுகிறது?

ஏனெனில், ரஸிகருக்குக் கதாசிரியர் பட்ட கடன் அவர் விருப்பத்தை நிறைவேற்றுவது அல்ல. அவர் கண்ணால் கண்டதைக் கண்டதாகவே வைத்திருப்பது. பிரியமான பாத்திரம் செத்தால் ரஸிகர் அழுவார்; கோபித்துக் கடிதம் எழுதுவார்; பிறகு பொறுத்துக்கொள்வார். "நீ அழுதது எதற்காகவும் இல்லை" என்று சொன்னால் பொறுக்க மாட்டார். சூ எலன் குடியிலிருந்து மீண்ட பாடு எத்தனை பெரிது! அதைப் பார்த்துத் தன் வீட்டில் உள்ள ஒருவரை நினைத்துக்கொண்டவர் எத்தனை பேரோ! அந்தப் பாடு ஒரே விடியலில் நடக்காததாகப் போயிற்று. ஊகிப்பதற்கும் ஆதாரம் இல்லாமற் போயிற்று. இன்று பார்ப்பது நாளை கனவாகலாம் என்றால், எந்தத் தடயத்தை வைத்து எதை ஊகிப்பது?

இன்னொரு வேடிக்கை. "நாட்ஸ் லாண்டிங்" என்பது "டல்லாஸி"லிருந்து கிளைத்த நாடகம். பாபியின் அண்ணன் காரி அதில் ஒரு முக்கியப் பாத்திரம். தம்பி செத்த செய்தி அங்கும் வந்தது, காரி துக்கப்பட்டான். "டல்லாஸி"ல் பாபி உயிரோடு வந்த பிறகும் அந்த நாடகம் தன் கதையை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே குடும்பம், ஒரே தம்பி. ஒரு நாடகத்தில் உயிரோடிருக்கிறான், மற்றொன்றில் இறந்தவன் இறந்தவனே. பொய்யைச் சொன்னவர்களைவிட, கண்டதைக் கண்டதாக வைத்துக்கொண்ட கிளை நாடகத்தார் ரஸிகர்களுக்கு நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1980-81-ல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த "டல்லாஸ்" 1986-87-ல் முதல் பத்து இடங்களுக்குள் இல்லை. கனவு ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்வது பொருந்தாது. நாடகத்துக்கும் வயதாகியிருந்தது, போட்டிகளும் இருந்தன. ஆனால் கனவு அதற்கு உதவி செய்யவில்லை.

திரும்பி வராத மனிதர்

அதே நாடகத்தில் ஒரு சாவை எவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. குடும்பத் தலைவர் ஜாக்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981 ஏப்ரலில் காலமானார். அவர் இடத்தில் வேறொரு நடிகரைக் கொண்டுவந்து ஜாக் என்று நிறுத்தவில்லை. ஜாக் வெளிநாடு சென்றிருப்பதாக முதலில் கதை நடந்தது. பிறகு தென் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததாகச் சொன்னார்கள். பண்ணை வீட்டுக் கூடத்தில் அவருடைய பெரிய படம் ஒன்று மாட்டப்பட்டது. பின்வந்த வருஷங்களில் எத்தனையோ சண்டைகள் அந்தப் படத்தின் கீழே நடந்தன. ஒரு நடிகரின் மறைவுக்கும் ஒரு பாத்திரத்தின் மறைவுக்கும் ஒரே சமயத்தில் மரியாதை செய்யும் வழி அது. சாவை நேர்மையாகச் சொன்னால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

கேட்டுவிட்டுப் போனவர்கள்

மூன்றாவது வகை ஒன்று உண்டு. விடையைத் தவறாகச் சொல்வதுமில்லை, சரியாகச் சொல்வதுமில்லை. கேள்வியைப் போட்டுவிட்டுக் கடையைக் கட்டிவிடுவது.

1991 மே 3-ஆம் தேதி "டல்லாஸ்" முடிவடைந்தது. 357 பகுதிகளுக்குப் பிறகு வந்த அந்தக் கடைசி இரவில், எல்லாவற்றையும் இழந்த ஜே.ஆர். கையில் துப்பாக்கியுடன் இருக்கிறான். சாகத் தூண்டும் ஓர் உருவம் அருகில் நிற்கிறது. வெடிச் சத்தம் கேட்கிறது. ஓடிவந்து கதவைத் திறந்த பாபி திடுக்கிட்டுக் கூவுகிறான். அவ்வளவுதான். ஜே.ஆர். செத்தானா, பிழைத்தானா? அடுத்த பருவம் என்று ஒன்று இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கேள்வி அந்தரத்தில் தொங்கிற்று. 1996 நவம்பரில் ஒரு தனி டெலிவிஷன் திரைப்படம் எடுத்து, ஜே.ஆர். சுட்டது கண்ணாடியைத்தான் என்று சொல்லி முடித்தார்கள். தாமதமான விடைதான். ஆனாலும் விடை.

2012-ல் டி.என்.டி. ஸ்தாபனம் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையை வைத்து நாடகத்தைப் புதுப்பித்தது. பழைய ஜே.ஆராக ஹாக்மனே வந்தார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையில், 2012 நவம்பர் 23-ஆம் தேதி, தமது 81-ஆம் வயதில் காலமானார். பாத்திரமும் சாக வேண்டியதாயிற்று. மெக்ஸிகோவில் ஜே.ஆர். சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கதை சென்றது. 33 ஆண்டுகளுக்குப் பிறகு பழைய கேள்வியே மறுபடி எழுந்தது: சுட்டது யார்? 2013 ஏப்ரல் 15-ஆம் தேதி விடை சொன்னார்கள். ஜே.ஆருக்குப் புற்றுநோய், இன்னும் சில நாட்களே ஆயுள். தன் நம்பிக்கைக்குரிய ஆள் ஒருவனிடம் தானே சொல்லித் தன்னைச் சுடச் செய்து, பழி பரம்பரை எதிரி கிளிஃப் பார்ன்ஸ் தலையில் விழும்படி ஏற்பாடு செய்திருந்தான். சாவையும் வியாபாரமாக்கிய அந்த முடிவு ஜே.ஆரின் குணத்துக்கு எவ்வளவு பொருத்தம்! பழகிய ரஸிகர்கள் கண்ணீரோடு சிரித்திருப்பார்கள்.

ஆனால் அடுத்த ஆண்டிலேயே பழைய பிழை திரும்பிற்று. 2014 செப்டம்பர் 22-ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியின் முடிவில், பாபியின் வளர்ப்பு மகன் கிறிஸ்டபரின் கார் வெடித்துச் சிதறுகிறது. அவன் அதனுள் இருந்தானா? உயிர் போயிற்றா? அக்டோபரில் நாடகம் நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. திரையில் விடை வரவேயில்லை.

செய்யக்கூடியது என்ன?

இது ஒரு நாடகத்தின் சங்கதி மட்டும் அல்ல. இன்று நாடகங்களை இணையத்தின் வழியே வீட்டுக்கு அனுப்பும் ஸ்தாபனங்கள் பெருகிவிட்டன. பருவம் முழுவதையும் ஒரே நாளில் வெளியிடுவதும் உண்டு. இரண்டு இரவு கண் விழித்தால் பார்த்து முடித்துவிடலாம். அதன் பிறகு அடுத்த பருவத்துக்கு ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ, அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அதற்குள் கணக்குப் பார்த்து, பார்த்தவர் தொகை போதாது என்று நாடகத்தையே நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கிறிஸ்டபரைப் போலக் கதி தெரியாமல் நிற்கும் பாத்திரங்கள் பல. ரஸிகர்களும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். "முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், நடுவில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?" என்று ஒதுங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒதுங்கி நிற்பவர்கள் கூடினால் பார்ப்பவர் தொகை குறையும். தொகை குறைந்தால் நாடகம் நிற்கும். நம்பிக்கையைச் செலவழித்துவிட்டுப் பிறகு லாபத்தைத் தேடினால் எங்கிருந்து வரும்?

வியாபாரத்தில் நஷ்டமானால் கடையை மூட உரிமை உண்டு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டல்லவா மூட வேண்டும்? ஒரு கேள்வியைப் போட்டு ஜனங்களை மாதக் கணக்கில் காக்க வைத்தவர்கள், நாடகத்தை நிறுத்தும்போது அந்தக் கேள்வியை முடித்துவைக்க ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். 1996-ல் அதைச் செய்ய முடிந்தது. அது கட்டாயச் சட்டமாக வேண்டியதில்லை. தொழில் மரியாதையாக இருந்தால் போதும்.

ரஸிகர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஊகிப்பது அவர்கள் உரிமை. உத்தரவு போடுவது அல்ல. தன் ஊகம் பலிக்கவில்லை என்பதற்காக நடிகரைத் தூற்றுவதும், எழுத்தாளரை மிரட்டுவதும் தகாத காரியங்கள். 1980-ல் கோடிக்கணக்கானவர்கள் தவறாக ஊகித்தார்கள். தோற்றதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். ஆட்டம் நேர்மையாக நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாபியை உயிர்ப்பித்துக் கொடுத்தும் மனக்குறை தீரவில்லை, ஜே.ஆரைச் சாகடித்தும் மனக்குறை இல்லை. கதை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பாத்திரம் வாழ்வதா சாவதா என்பதை அவர்கள் தாராளமாக முடிவு செய்யட்டும். கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் ஜனங்கள் கேட்பது ஒன்றுதான்: கேள்வி கேட்டால் விடை சொல்லுங்கள், சொன்ன விடையை மாற்றாதீர்கள்.